சந்து செய்வோர்: பழவேற்காட்டு ஏரி கற்பிக்கும் பாடம்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் செய்யும் இடத்தில் எழும் பிணக்குகளைத் தீர்த்து வைக்கும் நடுவர்களின் பணியே இவ்வுரையின் பொருள். இதனை விளக்கப் பெரிய ஆலைகளையும் தொழிற்சங்கங்களையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். இவ்வுரையோ திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களில் தொடங்குகிறது. கொல்லாமையை உயிரெனப் போற்றும் குடும்பங்கள் கூடியுள்ள அவையில் மீன்பிடி ஊர்களைப் பற்றிப் பேசுவதா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். அவர்தம் தொழிலைப் போற்றுவதோ பழிப்பதோ இவ்வுரையின் நோக்கமன்று. ஒரே நீரில், ஒரே பருவத்தில், வயிற்றுப்பாட்டுக்காகப் போட்டியிடும் மக்கள், தங்களுக்குள் கைகலக்காமல் வாழ வகுத்துக்கொண்ட முறை ஒன்று அங்கே உண்டு. பகையைத் தணிக்கும் அறிவு எவ்விடத்தில் இருந்தாலும் சென்று கற்கத் தக்கது.

சொல்லும் பொருளும்

சமாதானம் செய்து வைத்தலைத் தமிழில் ‘சந்து செய்தல்’ என்பர். சந்து என்னும் சொல் உடம்பின் மூட்டையும் குறிக்கும். இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள வழியையும் குறிக்கும். இரண்டு எலும்புகளை ஒன்றாக்கிவிடுவது மூட்டின் வேலையன்று. அவை இரண்டாகவே இருந்து, ஒன்றையொன்று உரசித் தேயாமல் இயங்கச் செய்வதே அதன் வேலை. நடுவரின் வேலையும் அதுவே. முதலாளியைத் தொழிலாளியாக்கவோ, தொழிலாளியை முதலாளியாக்கவோ அவர் வருவதில்லை. மறுநாட் காலையில் இருவரும் முகம் பார்த்து வேலை தொடங்க வழி செய்யவே வருகிறார்.

சங்க காலத்தில் இப்பணியைப் புலவர்கள் செய்தனர். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான். அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருந்தான். இருவரிடையே நின்று பேசியவர் கோவூர்கிழார். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புரைக்கவில்லை. இருவரும் ஒரே மாலையைச் சூடும் குடியினர் என்பதையும், எவர் தோற்றாலும் தோற்பது அக்குடியே என்பதையும் நினைவூட்டினார். பிணக்குற்றோர் இருவர்க்கும் பொதுவாக உள்ளது யாது என்று காட்டுவதே நடுவரின் முதற்கடமை. பழவேற்காட்டில் அப்பொதுப்பொருள் ஏரியாகும்.

ஏரியே தொழிலிடம்

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஏரியையும் வங்கக்கடலையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரிக்கிறது. ஆரணியாறு முதலியவை நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உட்புகுகிறது. இவ்விரண்டும் கலக்கும் இடத்திலேதான் இறாலும் மீனும் செழிக்கும். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் ஏரியின் வளம் குன்றும். டச்சுக்காரர் 1613 இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி வாணிகம் நடத்திய ஊரும் இதுவே. கோட்டை சிதைந்து போயிற்று. டச்சுக் கல்லறைகளும் ஏரித்தொழிலும் எஞ்சியுள்ளன.

ஏரி பரந்தது, ஆயினும் ஆழமற்றது. வலை கட்டுவதற்கு எல்லா இடமும் ஒன்றுபோல் ஏற்றதன்று. முகத்துவாரத்துக்கு அருகே, ஓட்டமுள்ள நீரில், இறால் மிகுதியாகக் கிடைக்கும். தள்ளிச் சென்றால் குறையும். நல்ல இடங்கள் சில, வலைகளோ பல. வலிமையுடையவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வான். எளியவன் வெறுங்கையோடு திரும்புவான். பிறகு வலை அறுபடும், படகு உடைபடும், இரத்தம் சிந்தும். இது நிகழாமல் இருக்கவே முன்னோர் ‘பாடு’ என்னும் முறையை வகுத்தனர்.

பாடு என்னும் முறை

தமிழில் பாடு என்பதற்கு உழைப்பு, துன்பம், இடம் எனப் பல பொருள்கள் உண்டு. கடற்கரையில் ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீனின் அளவு. பழவேற்காட்டில் பாடு என்பது வலை கட்டும் இடத்தையும், அவ்விடத்தில் ஒருவர்க்குரிய முறையையும் சேர்த்துக் குறிக்கிறது. கழி நட்டுச் சுற்றிக் கட்டும் வலை ஒன்று உண்டு. அதனை ஊரார் சுத்து வலை என்பர். அவ்வலையால் இறால் பிடிக்கும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குடும்பங்களிடையே இம்முறைப்படி பகிர்ந்துகொள்ளப்பட்டு வந்தது. மணமாகித் தனிக்குடும்பமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்படுவான். பாட்டில் அவனுக்குப் பங்கு உண்டு.

எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைத் திருவுளச் சீட்டு முடிவு செய்கிறது. இன்று நல்ல இடம் பெற்றவர் மற்றொரு நாள் வளம் குறைந்த இடத்துக்குச் செல்வார். இன்று குறைந்த இடம் பெற்றவர்க்கு நல்ல இடம் சுற்றி வரும். பருவம் முழுவதையும் கணக்கிட்டால் ஏற்றத்தாழ்வு பெரிதும் தணிந்துவிடும். ‘எனக்கு ஏன் இந்த இடம்’ என்று யாரோடு சண்டையிடுவது? சீட்டுக்கு உறவினர் இல்லை, கடன் கொடுத்தவர் இல்லை, பகைவரும் இல்லை. முகமற்ற நடுவர் ஒருவரை அவ்வூரார் கண்டுபிடித்தனர் என்றே கூறலாம்.

இக்கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்ததை அவை விரிவாகக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் இடம்பெறவே இயலாது. ஓலை எடுக்கும் கை கள்ளமற்றதாக இருந்தால் மட்டும் போதாது. குடத்துக்குள் இடப்படும் பெயர்களும் தகுதியுடையனவாக இருத்தல் வேண்டும் என்று கருதியவர் அக்காலத்தவர். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலை இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் மீனவர்கள் உள்ளனர். மொழியும் சமயமும் வேறாயினும், ஒரே இடர்ப்பாடு ஒரே விடையைத் தந்துள்ளது.

பிணக்கு எழும்போது

சீட்டு இடத்தைப் பகிரும், மனத்தைப் பகிராது. நீரோட்டத்தில் ஒருவர் வலை நகர்ந்து மற்றவர் எல்லையில் புகலாம். முறைக்கு உரியவர் நோயுற்றிருக்கும் நாளில் அவர் இடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். படகுக்கும் வலைக்கும் உரியவர் கொடுத்த பங்கு குறைவென்று உடனுழைத்தவர் கருதலாம். இறால் வணிகரிடம் முன்பணம் வாங்கியவர், விலை குறைவென்று அறிந்தும் அவருக்கே விற்க நேரலாம். இவையனைத்தும் தொழிலிடப் பிணக்குகளே. ஆனால் பணி நியமன ஆணையோ சம்பளப் பதிவேடோ இங்கில்லை. பங்குக்கு உழைப்பவரைத் தொழிலாளர் என்று எழுதிவைத்த ஏடும் இல்லை. ஏட்டில் இல்லாத தொழிலாளிக்கு அரசின் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குத் தொடுக்க வழி அரிது. எனவே ஊர்ப் பெரியவர்களே நடுவராயினர்.

அப்பெரியவர்களின் முறை எளிமையானது. கூட்டம் உண்டென்று ஊர்த் தலையாரி அறிவிப்பார். இருதரப்பாரும் ஊர்ப் பொது இடத்துக்கு வருவர். வழக்குரைப்பவர் முதலில் பேசுவார். எதிர்தரப்பார் இடைமறித்தால் பெரியவர்கள் அமர்த்துவர். பின்னர் எதிர்தரப்பார் பேசுவார். அன்றைய காற்று, நீரோட்டம், நட்ட கழியின் இடம் ஆகியவற்றை நேரில் அறிந்தவர் சான்றுரைப்பர். இங்கே நடுவர்க்கு ஒரு சிறப்பு உண்டு. வலை தானாக நகர்ந்ததா, நகர்த்தப்பட்டதா என்பதை அவர் ஏரியைக் கொண்டே அறிவார். தொழில் அறியாத நடுவரைச் சொல்வன்மையால் ஏமாற்றலாம். தொழில் அறிந்தவரை ஏமாற்றுதல் அரிது.

அறிந்ததைக் கொண்டு உடனே தீர்ப்புரைப்பவர் நல்ல நடுவர் ஆகார். இருவரையும் தனித்தனியே அழைத்து, அவர்கள் அவையில் சொல்லத் தயங்கியதைக் கேட்பார். ஒருவர் கோபத்துக்கு வலை காரணமாக இராது. முந்திய ஆண்டு நேர்ந்த அவமதிப்பு காரணமாக இருக்கலாம். அதனைத் தெரிந்துகொள்ளாமல் வலைக்கு மட்டும் விடை கண்டால், அப்பிணக்கு அடுத்த பருவத்தில் வேறு பெயரோடு திரும்பி வரும்.

தமிழிலக்கணம் பயின்றோர் புணர்ச்சி விகாரங்கள் மூன்றினை அறிவர்: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது புதிய எழுத்தொன்று தோன்றுகிறது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது உள்ள எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது. இரு தரப்பார் சேரும் இடத்திலும் இம்மூன்றில் ஒன்றேனும் நிகழ்ந்தே தீரும். இருவரும் எண்ணாத புதிய ஏற்பாடு தோன்றலாம். ஒருவர் கோரிக்கை வடிவம் மாறலாம். ஒருவர் பிடிவாதம் நீங்கலாம். ‘என் பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது’ என்பவரோடு எச்சொல்லும் புணராது.

குடத்துக்குள் இல்லாத பெயர்கள்

இம்முறையின் சிறப்பைக் கூறியபின் அதன் குறையையும் கூறுதல் நேர்மையாகும். சீட்டு நடுநிலை பிறழாதது. ஆயினும் சீட்டில் பெயர் எழுதப்படாதவர்க்கு அது எந்த நீதியும் வழங்காது. ஏரிக்கரையில் பட்டினவர் மட்டும் வாழவில்லை. வேறு சாதியினரும், முஸ்லிம்களும், பழங்குடியினரான இருளரும் அந்நீரையே நம்பியுள்ளனர். இருளர் பலர் வலையின்றி, ஆழங்குறைந்த நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர். பாட்டில் பங்கில்லாத ஊர்கள் ‘ஏரி எல்லோர்க்கும் பொதுவன்றோ’ என்று கேட்டபோது, பாட்டுரிமை உடைய ஊர்கள் ‘இது வழிவழி வந்த உரிமை’ என்று விடையிறுத்தன. இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலால்தான் வழக்குக் கடுமையாயிற்று.

இத்தகைய வழக்கில் பாட்டு ஊரின் பெரியவர்கள் நடுவராக இருத்தல் இயலாது. அவர்களே ஒரு தரப்பார். நேற்றுவரை தன் ஊரில் இரு குடும்பங்களுக்கு இடையே துலாக்கோல் போல் நின்ற அதே பெரியவர், இன்று பக்கத்து ஊரோடு எழுந்த வழக்கில் ஒரு தட்டில் அமர்ந்திருக்கிறார். அவர் குணம் கெட்டுவிடவில்லை. அவர் இருக்கும் இடம் மாறிவிட்டது. நடுவுநிலைமை என்பது ஒருவருடைய நற்குணம் மட்டுமன்று. அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. வழக்கின் முடிவில் தமக்கோ தம்மவர்க்கோ பங்கு உண்டெனில், எத்துணைச் சான்றோராயினும் விலகிக்கொள்ளுதலே முறை.

மற்றொரு குறையும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் அமர்ந்து பேசும் வழக்கம் இருந்ததில்லை. மீனைக் கூடையிற் சுமந்து சென்று விற்பவரும், கடனை அடைப்பவரும் பெரும்பாலும் அவர்களே. கணக்கு அறிந்தவரை வெளியே நிறுத்திவிட்டுக் கணக்கு வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம் நிறைவுடையதாகும்?

ஊர்க்கட்டுப்பாடு அளவு கடக்கும்போது பேராபத்தும் விளையும். தண்டம் விதித்தல், ஊர்விலக்கம் செய்தல், தண்ணீரும் பேச்சும் மறுத்தல் ஆகியன சமரசம் ஆகா. 2011 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சந்து செய்வதற்கும் கட்டப்பஞ்சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வினாவால் அறியலாம்: ‘இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை’ என்று சொல்லிவிட்டு ஒருவர் அச்சமின்றி வீடு திரும்ப இயலுமா? இயலுமெனில் அது சமரசம். இயலாதெனில், அங்கே அமர்ந்திருப்போர் எத்துணை மூத்தோராயினும், அது வன்முறையே.

ஏரிக்கரைக்கு வந்த தொழிற்கூடங்கள்

கடந்த சில பத்தாண்டுகளில் ஏரியின் தென்புறம் பெரிதும் மாறிற்று. வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் தொடங்கிற்று. அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. மீனவர் சிலர் இடம்பெயர்ந்தனர். வலையை விட்டு ஒப்பந்தத் தொழிலாளராகத் துறைமுகத்துக்குள் சென்றோரும் உண்டு. நிலமும் கரையும் விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்று மீனவர்கள் போராடியதையும், வருவாய்த் துறையினர் இடையில் நின்று பேச்சு நடத்தியதையும் நாளேடுகள் வெளியிட்டுள்ளன. தந்தை காலத்தில் பாட்டுக்காக நடந்த பேச்சு, மகன் காலத்தில் பணி நிரந்தரத்துக்காக நடக்கிறது. ஏரியின் வழக்கு ஆலை வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

ஆலை வாயிலில் சட்டம் வகுத்த நடுவர் ஒருவர் உண்டு. 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ‘சமரச அதிகாரி’ என்னும் பதவியை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் முதலியோர் இப்பணியைச் செய்து வருகின்றனர். அவருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. இருதரப்பையும் அழைக்கலாம், கேட்கலாம், வழி கூறலாம். பேச்சைப் 14 நாளில் முடித்து அறிக்கை அளிக்க வேண்டும் என்றும், இருதரப்பும் உடன்பட்டால் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. பேச்சு நடக்கும் காலத்தில் வழக்குக்குரிய பணி நிபந்தனைகளைத் தொழிலாளர்க்குப் பாதகமாக மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை.

அச்சட்டத்தின் நுட்பம் ஒன்று கருதத்தக்கது. நிர்வாகமும் ஒரு சங்கமும் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பாரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரியின் முன் ஏற்படும் ஒப்பந்தமோ அந்நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பின்னாளில் வேலைக்குச் சேர்வோரையும் கூடக் கட்டுப்படுத்தும். தீர்ப்பு வழங்கும் அதிகாரமற்ற ஒருவர் உடனிருப்பதால் ஓர் ஒப்பந்தத்துக்கு இத்துணை வலிமை ஏன் வருகிறது? கையெழுத்திடாதவர் நலனையும் கருதி ஒருவர் அங்கே இருந்தார் என்பதே காரணம். அவ்விடத்தில் இல்லாதவர்க்காகவும் நிற்பவரே நடுவர். 2020 இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் சமரச அதிகாரி என்னும் பதவியை விலக்கவில்லை.

அகமதாபாத்தும் சென்னையும்

இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் சந்து செய்தலுக்குச் சிறந்த சான்று 1918 ஆம் ஆண்டு அகமதாபாத் நெசவாலைப் போராட்டம். கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலையார் மிகையூதியம் அளித்தனர்; நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ தணியவில்லை. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். ஆலையார் 20 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றனர். ஆலையார்க்குத் தலைவராக நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா. இருவரும் ஒரே சமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள். காந்தியடிகள் ஆலைக் கணக்குகளையும் தொழிலாளர் செலவையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்றார். தொழிலாளரையும் அதற்கு உடன்படச் செய்தார். எதிர்தரப்பிடம் விட்டுக்கொடுக்கக் கேட்குமுன் தம் தரப்பாரிடம் கேட்டது இங்கே நினைக்கத் தக்கது.

ஆலைகள் பிப்ரவரி 22 ஆம் நாள் கதவடைத்தன. வாரங்கள் கடந்தன, தொழிலாளர் உறுதி தளர்ந்தது. மார்ச் 15 இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18 இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வுடன்பாட்டின் அமைப்பு வியக்கத்தக்கது. 35 விழுக்காடின்றி வேலைக்குத் திரும்போம் என்று தொழிலாளர் சூளுரைத்திருந்தனர்; ஆதலால் முதல் நாள் 35 விழுக்காடு. 20 விழுக்காட்டுக்கு மேல் தாரோம் என்று ஆலையார் உறுதி கூறியிருந்தனர். ஆதலால் இரண்டாம் நாள் 20 விழுக்காடு. மூன்றாம் நாள் முதல் நடுவர் முடிவு வரும்வரை இரண்டுக்கும் நடுவாகிய 27½ விழுக்காடு. இருவர் சொல்லும் பொய்யாகவில்லை; இருவர் முகமும் வாடவில்லை. மாற்றார் மானத்தைக் காப்பது சமரசத்தின் அணிகலன் அன்று, அதன் அடித்தளம்.

நடுவராக அமர்ந்தவர் ஆனந்தசங்கர் துருவா. அவர் வடமொழிப் பேராசிரியர். ஆலையோடும் சங்கத்தோடும் தொடர்பற்றவர். பின்னர் அவர் அளித்த முடிவு 35 விழுக்காடு. காந்தியடிகளே இறுதி முடிவைச் சொல்லியிருக்கலாகாதா? அவர் தொழிலாளர் தரப்பில் நின்று போராடியவர். ஆலையார் சிலரோ அவர்தம் நெருங்கிய நண்பர்கள். தம் நோன்பு அந்நண்பர்களை நெருக்குதற்குள்ளாக்கியது என்பதைத் தம் வரலாற்றில் அவரே குறையாகக் குறித்துள்ளார். தரப்பாக நின்றவர் விலகி, தரப்பற்ற ஒருவரை அழைத்தமையால்தான் அம்முடிவு நிலைத்தது. போராட்டத்தின் விளைவாக 1920 இல் அமைந்த நெசவுத் தொழிலாளர் சங்கம், பேச்சும் நடுவர் தீர்ப்பும் முதல்வழி, வேலைநிறுத்தம் இறுதிவழி என்பதைக் கொள்கையாகக் கொண்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சி சென்னைக்கு உரியது. 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, பி.பி. வாடியாவும் தமிழ்த்தென்றல் திரு.வி.க.வும் அதனை வளர்த்தனர். 1921 இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். நிர்வாகத்தோடு தொடங்கிய வழக்கு தொழிலாளர்க்குள்ளேயே சாதிப் பகையாக மாறி, புளியந்தோப்பில் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நிர்வாகத்தோடு பேசத் தலைவர் இருந்தனர். தொழிலாளரின் இரு பிரிவாரும் ஒருங்கே நம்பத்தக்க ஒருவர் இல்லை. ஓரத்தில் நின்றோரை முதலிலேயே அழைத்து அமர்த்தாத அவைக்கு நேரும் இடர் இதுவே. பழவேற்காட்டில் பாடு உள்ள ஊர்க்கும் பாடு இல்லாத ஊர்க்கும் இடையே தேவைப்படுவதும் அத்தகைய ஒருவரே.

கேளாத செவி

ஒரு தரப்பை மட்டும் கேட்ட நடுவன் அடைந்த கதி யாதென இளங்கோவடிகள் காட்டியுள்ளார். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு வினாவும் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பது தெளிவாயிற்று. அவ்வளவு எளிய சோதனையை முன்னரே செய்திருக்கலாம். உண்மையை அறிய அறிவு குறைவுபடவில்லை. கேட்கும் பொறுமையே குறைவுபட்டது. ஆலை மேலாளர் ஒருவர் மேற்பார்வையாளர் சொல்லை மட்டும் கேட்டுத் தொழிலாளியை நீக்கும்போதும், தொழிலாளர் வதந்தியை மட்டும் கேட்டுக் கருவியைக் கீழே வைக்கும்போதும், அச்சிலம்பு உடைபடாமலே கிடக்கிறது.

செய்யத்தக்கது

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களுள் இந்தியாவில் அது முன்னோடி. 2023 இல் இயற்றப்பட்ட சமரசச் சட்டம் ‘சமூக சமரசம்’ என்னும் பகுதியையும் உடையது. ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய பிணக்கை, இருதரப்பின் முன் இசைவோடு, மூன்று நடுவர் கொண்ட குழுவிடம் விடலாம் என்று அது வகுத்துள்ளது. நேர்மையால் அறியப்பட்டோர், வட்டாரத்துக்குத் தொண்டு செய்தோர், சமரசப் பயிற்சி உடையோர் ஆகியோர் அக்குழுவுக்கு உரியவர். அங்கு எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப் போல வலிந்து நிறைவேற்றப்படுவதன்று. அது குறையெனத் தோன்றலாம். ஆயினும் வற்புறுத்தும் கை இல்லாதபோதுதான் உண்மையான உடன்பாட்டின் தேவை விளங்கும்.

ஏரிக்கரை ஊர்களுக்கு இவ்வழி பொருந்தும். தொழில் அறிந்த மீனவர் ஒருவர், பாட்டில் பங்கில்லாத ஊரார் ஒருவர், இருவர்க்கும் உறவற்ற நம்பகமான ஒருவர் என மூவர் அமர்ந்து, பெண்களையும் இருளரையும் அழைத்துக் கேட்டால், முன்னோர் வகுத்த சீட்டு முறையின் நன்மையும் நிலைக்கும். அதன் குறையும் தீரும். குடம் பழையதாகவே இருக்கலாம். அதற்குள் இடப்படும் ஓலைகள் கூட வேண்டும்.

இப்பாடம் ஏரிக்கரையோடு நிற்பதன்று. நெல் விளைவிக்கும் ஊர்களிலும், கடை நடத்தும் நகரங்களிலும், பத்துப்பேர் வேலை செய்யும் சிறு பட்டறையிலும் பிணக்கு உண்டு. பங்காளிகளின் வரப்பு வழக்கிலும் உண்டு. அவையோரில் மூத்தோர் பலரை உறவினரும் பணியாளரும் நடுவராக அழைப்பர். அப்போது அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்கவை நான்கு. இவ்வழக்கின் முடிவில் எனக்குப் பங்கு உண்டா? இருவரையும் ஒரே அளவு நேரம் கேட்டேனா? இங்கே அழைக்கப்படாத ஒருவர் இம்முடிவால் துன்புறுவாரா? தோற்றவர் தலைநிமிர்ந்து வீடு செல்ல வழி வைத்தேனா?

இந்நான்குக்கும் நேரிய விடை கூறக்கூடியவர் ஊருக்கு ஒருவர் இருப்பினும், நீதிமன்றப் படியேறும் வழக்குகளிற் பல வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடும். பழவேற்காட்டு மீனவர், முந்திய நாள் வழக்காடியவரோடு மறுநாள் அதே நீரில் இறங்கியாக வேண்டியவர். யாரோடு வழக்காடினாலும் மறுநாள் அவரோடு சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது என்பதை மறவாதவரே நல்ல நடுவர். அதனை மறவாத இருவர்க்கு நடுவரும் மிகுதியாகத் தேவைப்படார்.